மறுமொழி வராத கதாபாத்திரம்: ரோல்பிளேயில் பழுது எங்கே, எப்படிச் சரிசெய்வது

முகநூல் குழுவிலோ எக்ஸ் தளத்திலோ டெலிகிராமிலோ ஒரு கதாபாத்திரத்தின் பெயரில் கணக்குத் தொடங்கி, அந்தப் பாத்திரத்தின் குரலிலேயே பிறரோடு பேசிக் கதையை வளர்ப்பதை ரோல்பிளே என்கிறோம். முழுக்கதையை யாரும் முன்கூட்டி எழுதிவைப்பதில்லை. ஒருவர் பதிவிடுகிறார், இன்னொருவர் தம் பாத்திரத்தின் வாயால் பதில் சொல்கிறார், கதை அங்கிருந்து நகர்கிறது. சிறுகதையில் வரும் பாத்திரம் வாசகரைக் கவர்ந்தால் போதும். ரோல்பிளேயில் வரும் பாத்திரமோ இன்னொருவரை உட்கார்ந்து எழுதவைக்க வேண்டும். கீழே வரும் பழுதுகளில் பெரும்பாலானவை இந்த வேறுபாடு மறந்துபோனதால் வருபவை.

எடுத்துக்காட்டுகளை எல்லாம் ஒரே களத்திலிருந்து தருகிறேன்: 1010-ஆம் ஆண்டு, தஞ்சாவூர். முதலாம் ராஜராஜன் தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில் ராஜராஜீச்சரத்து, அதாவது இன்றைய தஞ்சைப் பெரிய கோயிலின், விமான உச்சிக்குச் செப்புக் குடம் கொடுத்த காலம். தமிழில் வரலாற்று ரோல்பிளே செய்ய இதைவிட நல்ல களம் கிடைப்பது அரிது என்பது என் உறுதியான எண்ணம். அந்தக் கோயிலின் சுவர்களில் ஆடு மேய்த்தவரும் விளக்கு வைத்தவரும் துணி தைத்தவரும் பதிவாகியிருக்கிறார்கள். பாத்திரம் உருவாக்க அதற்கு மேல் என்ன வேண்டும்? உங்கள் களம் விண்வெளியாக இருந்தாலும் பள்ளி விடுதியாக இருந்தாலும் இந்த வழிமுறை பொருந்தும்.

பல அறிகுறிகள் ஒன்றாகத் தெரிந்தால் முதல் இரண்டிலிருந்து தொடங்குங்கள். அவை சரியானால் மற்றவற்றில் பாதி தானே மறைந்துவிடும்.

விருப்பக்குறிகள் விழுகின்றன, பதில் மட்டும் வருவதில்லை

இது மிகப் பரவலான பழுது. நன்றாக எழுதத் தெரிந்தவர்களுக்கே அதிகம் வருவது. இந்தப் பதிவைப் பாருங்கள்:

"மாலை மங்கியது. ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டுச் சாத்தன் திண்ணையில் அமர்ந்தான். வானில் விண்மீன்கள் பூத்தன. இன்றைய நாளும் இனிதே கழிந்தது என்று எண்ணியபடி கண்ணயர்ந்தான்."

நல்ல வாக்கியங்கள்தாம். ஆனால் ஆடுகள் அடைந்துவிட்டன, நாள் முடிந்துவிட்டது, ஆளும் தூங்கிவிட்டான். இன்னொரு ஆட்டக்காரர் இதில் எங்கே நுழைவது? தூங்குகிறவனை எழுப்புவதைத் தவிர அவருக்கு வேறு வேலை இல்லை. எனவே விருப்பக்குறியை அழுத்திவிட்டுப் போய்விடுகிறார்.

அதே மாலையை இப்படி எழுதலாம்:

"சாத்தன் எண்ணினான். தொண்ணூற்று நான்கு. மீண்டும் எண்ணினான். தொண்ணூற்று நான்குதான். கோயில் பக்கமிருந்து யாரோ நடந்து வரும் ஓசை கேட்டது. நெய்ச்சட்டியை இழுத்துத் துணியால் மூடினான்."

வருவது யார் என்று எழுதவில்லை. அது கோயில் கணக்கராக இருக்கலாம், விளக்கேற்றுபவராக இருக்கலாம், சாத்தனின் மைத்துனனாக இருக்கலாம். அந்த ஓசையைத் தம்முடையதாக்கிக்கொள்ள யாருக்கும் உரிமை உண்டு. சாத்தனிடம் இருக்க வேண்டியவை தொண்ணூற்றாறு ஆடுகள். காணாமல்போன இரண்டை வேறொருவர் கண்டெடுக்கலாம், திருடலாம், தம் வயலில் மேய்ந்ததாக வழக்குக் கொண்டுவரலாம். மூடிய சட்டியைத் திறந்து பார்க்க விரும்புபவர் ஒருவராவது இருப்பார். நான்கைந்து வரிகளில் மூன்று கைப்பிடிகள் கிடைத்துவிட்டன.

சோதிக்கும் முறை எளிது. பதிவிடும் முன் கடைசி வாக்கியத்தைத் தனியாகப் படியுங்கள். அதைக் கேட்ட இன்னொரு பாத்திரத்துக்கு ஏதாவது கேட்கவோ செய்யவோ தோன்றுமா? தோன்றாது என்றால் அந்த வாக்கியத்தை வெட்டிவிட்டு அதற்கு முந்தைய வாக்கியத்தைப் படியுங்கள். பல பதிவுகளில் உண்மையான முடிவு இரண்டு வாக்கியங்களுக்கு முன்பே வந்திருக்கும். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் கதவைச் சாத்தும் வேலை.

வெட்டிய பிறகும் பதில் வரவில்லை என்றால், உங்கள் அழைப்பு எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறதா என்று பாருங்கள். "யாராவது உதவிக்கு வருவீர்களா?" என்று கேட்கும் பாத்திரத்துக்கு உதவ ஒருவரும் வருவதில்லை, வேறொருவர் போவார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வதால். "கணக்கர் ஐயா, நேற்று நீங்கள் அளந்தபோது நான் அங்கே இல்லை, என் மகன் சொல்வது சரிதானா?" என்று ஒரு பாத்திரத்தை நேராகக் கேளுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டவருக்குப் பதில் சொல்லாமல் இருப்பது கடினம்.

இன்னொன்றையும் பாருங்கள். உங்கள் கடைசிப் பத்துப் பதிவுகளில் எத்தனை பிறர் பதிவுக்கான மறுமொழிகள்? பாதிக்கும் குறைவென்றால் பழுது பாத்திரத்தில் இல்லை. அடுத்தவர் காட்சிக்குப் போகாதவரின் காட்சிக்கு அடுத்தவரும் வரமாட்டார்.

அறிமுகம் பக்கம் பக்கமாக இருக்கிறது, பாத்திரம் யார் நினைவிலும் நிற்கவில்லை

கண்ணின் நிறம், வளர்ந்த ஊர், சிறுவயதில் நேர்ந்த இழப்பு, பிடித்த மலர், வாள்வீச்சில் தேர்ச்சி, யாரிடமும் மனம் திறக்காத இயல்பு. இப்படி எழுதப்பட்ட அறிமுகங்கள் நூற்றுக்கணக்கில் கிடைக்கும். எழுதியவரின் உழைப்பு தெரிகிறது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் இவை எல்லாம் பாத்திரத்துக்குள்ளேயே அடங்கிவிடும் செய்திகள். இன்னொருவரைத் தொடும் செய்தி ஒன்றும் அவற்றில் இல்லை.

பாத்திரத்தை நினைவில் நிறுத்துவது அது யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறது என்பதுதான். கடன் என்றால் பணம் மட்டும் அல்ல. வாக்கு, கடமை, பயம், நன்றி, மறைத்துவைத்த பொய் எல்லாம் கடன்தான்.

இதற்குச் சாத்தனையே எடுத்துக்கொள்கிறேன். சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிவதற்கு 96 ஆடுகளை ஓர் இடையரிடம் ஒப்படைப்பது வழக்கம். அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கல்வெட்டுகள் இந்த ஆடுகளைச் சாவா மூவாப் பேராடு என்று குறிக்கின்றன. ஆடுகள் சாகும், கிழடாகும். ஆனால் எண்ணிக்கை சாகக்கூடாது, மூப்படையக்கூடாது. குட்டிகளைக் கொண்டு ஈடுசெய்து 96 என்ற கணக்கை அவர் காப்பாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தஞ்சைக் கல்வெட்டுகளில் இப்படிக் கால்நடை பெற்றவர்களுக்கு உறவினர்கள் பிணை நின்ற செய்தியும் வருகிறது.

இந்த ஒரு ஏற்பாட்டுக்குள் எத்தனை உறவுகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். விளக்கைக் கொடையாக வைத்தவர் ஒருவர். நெய்யை அளந்து வாங்குபவர் ஒருவர். பிணை நின்ற மைத்துனன் ஒருவன். ஒரு கோடையில் நோய் வந்து பத்து ஆடு இறந்தால் இத்தனை பேருக்கும் சாத்தனிடம் பேச வேண்டிய காரணம் உண்டாகிறது. சாத்தனின் கண்ணின் நிறத்தை யாரும் கேட்கப்போவதில்லை.

ஆகவே அறிமுகத்தை மூன்று வரிக்குக் குறைத்துவிடுங்கள். பாத்திரம் தினமும் செய்தே ஆகவேண்டியது என்ன என்பது முதல் வரி. அதைச் செய்யத் தவறினால் யார் கேட்பார்கள் என்பது இரண்டாவது. எது வெளியே தெரியக்கூடாது என்பது மூன்றாவது.

"தஞ்சாவூர் இடையன் சாத்தன். நாளும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு. பிணை நிற்பவன் என் மைத்துனன். ஆடு குறைந்தது அவனுக்குத் தெரியாது."

மூன்றாவது வரியை அறிமுகத்திலேயே வெளிப்படையாக எழுதுவதா என்று சிலர் தயங்குவார்கள். எழுதுங்கள். ரகசியம் பாத்திரங்களுக்குத்தான் தெரியக்கூடாது. ஆட்டக்காரர்களுக்குத் தெரிந்திருந்தால்தான் அவர்கள் அதைச் சுற்றிக் காட்சி அமைப்பார்கள். யாருக்கும் தெரியாத ரகசியத்தால் கதைக்கு ஒரு பயனும் இல்லை.

மீதமுள்ள விவரங்களைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. தனியாக ஒரு குறிப்பில் வைத்துக்கொண்டு, காட்சி கேட்கும்போது ஒவ்வொன்றாக வெளியே எடுங்கள்.

களத்தில் எல்லோரும் அரசர், இளவரசி, ஒற்றர்

ஐந்து இளவரசிகளும் நான்கு ஒற்றர்களும் உள்ள தஞ்சாவூரில் சோறு வடிப்பது யார்? கேலிக்காகக் கேட்கவில்லை, ஆட்டத்தின் இயக்கமே இதில்தான் இருக்கிறது. உச்சியில் இருப்பவர் ஆணையிடலாம். ஆணையை நிறைவேற்ற ஆளில்லை என்றால் அடுத்த பதிவு இல்லை.

பெரிய கோயில் கல்வெட்டு ஒன்று, பல ஊர்க் கோயில்களிலிருந்து தஞ்சாவூருக்கு வரவழைக்கப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலில் ஆடும் பெண்கள், நானூறு பேரைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. திருவாரூர், பழையாறை, திருவையாறு என எந்த ஊரிலிருந்து வந்தவர், எந்தச் சிறகில் (தெரு வரிசையில்) எத்தனையாவது வீடு என்பதுவரை அதில் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு, அதாவது ஆண்டுக்கு நூறு கலம் நெல். தொடர்ந்து நட்டுவம் செய்வோர், பாடுவோர், மத்தளம் கொட்டுவோர், கணக்கர், குடை பிடிப்போர், விளக்கு வைப்போர், நீர் தெளிப்போர், குயவர், தச்சர், கன்னார், தையற்காரர் என்று பட்டியல் போகிறது. விமானம் எழுப்பிய குஞ்சரமல்லன் என்ற ராஜராஜப் பெருந்தச்சனின் பெயரும் அந்தக் கோயிலில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

திருவாரூரிலிருந்து வந்து, முன்பின் தெரியாத தெருவில் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் குடியமர்த்தப்பட்ட இரண்டு பெண்கள் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள்? அளந்து போடும் நெல்லில் ஒரு மரக்கால் குறைந்தால் யாரிடம் போய்க் கேட்பார்கள்? இந்த இரண்டு கேள்விகளே ஒரு மாத ஆட்டத்துக்குப் போதும்.

இங்கே ஒரு வேண்டுகோள். தளிச்சேரிப் பெண்டுகளைப் பாத்திரமாக எடுப்பவர்களில் சிலர் அவர்களை வெறும் காமப் பொருளாக எழுதுகிறார்கள். கல்வெட்டு நமக்குக் காட்டுபவர்கள் பெயரும் வீடும் ஊதியமும் கலையும் உள்ள பெண்கள். கல்லில் பொறிக்கப்பட்ட அந்த மதிப்பை நம் கைபேசித் திரையில் குறைக்க வேண்டாம்.

ஏற்கெனவே இளவரசியாக ஆடுகிறீர்கள், மாற்ற மனம் இல்லை என்றால் அவளுக்கு அன்றாட வேலை ஒன்றைக் கொடுங்கள். ராஜராஜனின் தமக்கை குந்தவை கோயிலுக்குத் திருமேனிகளும் நகைகளும் பொன்னும் கொடுத்தவர். அவை எடையோடும் விவரத்தோடும் பொறிக்கப்பட்டுள்ளன. நகையை நிறுத்தி, முத்தை எண்ணி, பொற்கொல்லரோடு பேசும் அரசகுலப் பெண்ணிடம் எல்லாத் தொழிலாளரும் பேச வாய்ப்பு உண்டு. மாடத்தில் நின்று நிலவைப் பார்ப்பவளிடம் ஒருவரும் பேச முடியாது.

எல்லாப் பாத்திரங்களும் ஒரே குரலில் பேசுகின்றன

பெரும்பாலும் அந்தக் குரல் மேடை நாடகக் குரலாக இருக்கும். "என்ன துணிச்சல் உனக்கு! என் வாளுக்கு இரையாகாதே!" என்று இடையனும் பேசுவான், தளபதியும் பேசுவான். பழைய காலத்தைக் காட்ட இப்படித்தான் எழுத வேண்டும் என்ற எண்ணமே இதற்குக் காரணம்.

ராஜராஜன் தன் கொடைகளைப் பொறிக்கச் சொன்ன ஆணை எப்படிப் பேசுகிறது என்று பாருங்கள். தான் எடுப்பித்த கற்றளிக்கு, அதாவது கற்கோயிலுக்கு, "நாங் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லில் வெட்டுக என்கிறது. பேரரசனின் ஆணையில் அக்கன் என்ற சொல் எவ்வளவு இயல்பாக வருகிறது! எனக்கு இந்த வரி ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி தருகிறது. உறவுச் சொல்லையும் நேரான வினையையும் வைத்துக்கொண்டே ஓர் அரசனின் குரலை எழுதலாம் என்பதற்கு அதுவே சான்று.

குரலைப் பிரிக்க இலக்கணம் வேண்டாம். பாத்திரம் எதைக் கொண்டு உலகை அளக்கிறது என்பதை முடிவுசெய்யுங்கள். இடையன் காலத்தையே உழக்காலும் நாழியாலும் அளப்பான்: நாலு உழக்கு ஒரு நாழி, அதனால் "ஒரு நாழி நெய் அளந்த நேரம்" என்றால் அவனுக்கு நாலு நாள். பொற்கொல்லர் எதையும் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்பார். ஒருவரின் பேச்சைக்கூடக் "குன்றிமணி எடை பெறாது" என்று தள்ளிவிடுவார். ஆடல் பெண்ணுக்கு எல்லாம் தாளம். அடுத்தது, பாத்திரம் பிறரை எப்படி அழைக்கிறது என்பது. யாரை நீ என்கிறது, யாரை நீர் என்கிறது, யார் பெயரைச் சொல்லாமல் சுற்றி வளைக்கிறது? மூன்றாவதாக, எதைப் பேசத் தவிர்க்கிறது.

பெயரை மறைத்துவிட்டு உங்கள் பதிவை ஒரு நண்பருக்குக் காட்டுங்கள். யார் பேசுவது என்று அவர் சொல்லிவிட்டால் குரல் அமைந்துவிட்டது.

காலம் இடிக்கிறது

1010-இல் தஞ்சாவூர்ச் சமையலில் மிளகாய் விழாது. மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் போர்த்துக்கீசியர் வருகைக்குப் பின் வந்தவை. காரத்துக்கு மிளகு இருக்கிறது. கோயில் முன்னால் உள்ள மாபெரும் நந்தியின் நிழலில் சாத்தன் படுக்க முடியாது. அது நாயக்கர் காலத்தது. கடிதம் ஓலையில்தான். திருவாரூரிலிருந்து செய்தி நடந்து வர இரண்டு நாளாவது ஆகும் என்பதால், காலையில் கேட்ட கேள்விக்கு அங்கிருந்து மாலையில் பதில் வராது.

இந்தத் தடைகளை இழப்பாகப் பார்க்காதீர்கள். செய்தி தாமதமாவது கதைக்கு எவ்வளவு நல்லது! இன்றும் தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் போகும் வழியில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என வரிசையாக ஆறுகள் வருகின்றன. வெள்ளக் காலத்தில் ஒரு பாத்திரத்தை அக்கரையில் நிறுத்திவிட்டால் இரண்டு கரைகளிலும் காட்சிகள் பிறக்கும்.

பிறர் பதிவில் பிழை கண்டால் பொதுவில் திருத்தாதீர்கள். தனிச்செய்தியில் ஒரு வரி போதும். இல்லையென்றால் உங்கள் பாத்திரம் அடுத்த பதிவில் "மிளகு கொஞ்சம் தூக்கல்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். பிழை திருத்தப்பட்டதும் தெரியாமல் காட்சி நகர்ந்துவிடும்.

பாத்திரம் எப்போதும் வெல்கிறது, மற்றவர்கள் விலகிப்போகிறார்கள்

"அவன் கையைப் பிடித்து முறுக்கினேன். வலியில் அலறி மண்டியிட்டான்." இந்த இரண்டு வாக்கியங்களில் முதலாவது உங்கள் பாத்திரத்தின் செயல். இரண்டாவது இன்னொருவரின் பாத்திரத்தை நீங்கள் ஆட்டிவைத்தது. ஆட்டக்காரர்கள் இதை காட்மோடிங் என்கிறார்கள்.

இது ஏன் இங்கே இவ்வளவு கேடு செய்கிறது என்பதற்கு வரலாற்றில் விடை இருக்கிறது. 1974-இல் வெளிவந்த டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் பகடையும் அதன் முடிவை விளக்கும் நடுவரும் உண்டு. 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த மட் என்ற கணினி ஆட்டத்தில், அடி விழுந்ததா இல்லையா என்பதை நிரலே தீர்மானித்தது. சமூக ஊடகத்தில் பகடையும் இல்லை, நிரலும் இல்லை. எதிரே எழுதுபவரின் சம்மதம் ஒன்றே நடுவர். அதைப் பறித்துவிட்டால் அவருக்கு ஆட்டத்தில் மிச்சம் எதுவும் இல்லை.

முயற்சியை மட்டும் எழுதுங்கள், விளைவை அவரிடம் விட்டுவிடுங்கள். "அவன் கையைப் பிடிக்கப் பாய்ந்தேன்" என்று நிறுத்துங்கள். அவர் நழுவலாம், மாட்டிக்கொள்ளலாம், சிரிக்கலாம். நீங்கள் எதிர்பாராத பதில் வருவதில்தான் இந்த ஆட்டத்தின் இன்பம் இருக்கிறது.

இதன் தம்பி ஒன்று உண்டு: உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் உங்கள் பாத்திரத்துக்கும் தெரிந்துவிடுவது. மைத்துனனாக ஆடுபவர் சாத்தனின் அறிமுகத்தைப் படித்துவிட்டு, முதல் காட்சியிலேயே "ஆடு குறைந்திருக்கிறதே" என்றால் எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். பாத்திரத்துக்கு ஒரு செய்தி தெரிய வேண்டுமானால், அது யார் வாயால், எந்தக் காட்சியில் தெரிந்தது என்று உங்களால் சுட்டிக்காட்ட முடிய வேண்டும்.

உங்கள் பாத்திரம் இந்த மாதம் எதிலாவது தோற்றதா என்றும் பாருங்கள். தோற்கவில்லை என்றால் அடுத்த காட்சியில் வேண்டுமென்றே தோல்வியைக் கொடுங்கள். யாரிடம் தோற்றீர்களோ அவர் மறுநாள் தவறாமல் எழுதுவார்.

பதிவு நடுவில் அறுந்துபோகிறது

எக்ஸ் தளத்தில் கட்டணம் செலுத்தாத கணக்குக்கு 280 குறிகள்தான் வரம்பு. தமிழில் எழுதும்போது அது எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தீர்ந்துவிடும், ஏனென்றால் தளம் உயிர்மெய் எழுத்தை ஓர் எழுத்தாக எண்ணுவதில்லை. துணைக்காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். சாத்தன் என்ற நான்கு எழுத்துப் பெயருக்கு ஏழு போய்விடும். ஒரு எமோஜிக்கு இரண்டு.

பாத்திரத்தின் பெயரைப் பதிவுக்குள் திரும்பத் திரும்ப எழுதாதீர்கள். கணக்கின் பெயரே அதைச் சொல்லிவிடுகிறது. ஒரு பதிவில் ஒரு செயல், ஒரு பேச்சு. நீளமாக எழுத ஆசைப்படுபவருக்கு முகநூலும் டெலிகிராமும் ஏற்ற இடம். எதிரே எழுதுபவர் மூன்று வரி எழுதினால் நீங்களும் ஏறக்குறைய அந்த அளவில் எழுதுங்கள்; மூன்று வரிக்கு முப்பது வரி வந்தால் அவர் மலைத்துப்போவார்.

தொடக்கத்தில் களைகட்டியது, பிறகு ஓய்ந்துவிட்டது

எதுவும் மாறவில்லை என்பதுதான் காரணம். சண்டை நடக்கிறது, மறுநாள் இருவரும் பழையபடி பேசுகிறார்கள். காயம் அடுத்த பதிவில் ஆறிவிடுகிறது. விளைவு இல்லாத கதையில் யாருக்கும் அக்கறை தங்காது.

ஒவ்வொரு பெரிய காட்சிக்குப் பிறகும் நிரந்தரமாக மாறிய ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மைத்துனன் பிணையை விலக்கிக்கொண்டான் என்றால் அது விலகியதாகவே இருக்கட்டும். சாத்தன் வேறு பிணையாளைத் தேட வேண்டும்; அந்தத் தேடலே அடுத்த மாதக் கதை.

களத்துக்கு ஒரு நாட்காட்டி வைத்துக்கொள்வதும் மிகவும் உதவும். அறுவடை, நெல் அளக்கும் நாள், திருவிழா, ஆற்றில் புதுவெள்ளம் என்று முன்கூட்டியே தேதி குறித்துவிட்டால், சொந்தக் கதை வற்றிய பாத்திரமும் அன்றைக்கு வெளியே வர ஒரு காரணம் கிடைக்கும். கணக்குக் காட்டும் நாள் ஒன்றை அவசியம் வையுங்கள். உத்தரமேரூரின் 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய குறிப்பிட்ட உறவினரும் குடவோலையில் பெயர் எழுதத் தகுதியற்றவர்கள் என்கிறது. ஒருவர் செய்த தவறு தாயின் தங்கை மகன்வரை போய்த் தொடும் ஊரில் கதைக்குப் பஞ்சம் ஏது?

பாத்திரம் எது, ஆள் எது என்று குழம்புகிறது

மற்றப் பழுதுகளை ஆற அமரச் சரிசெய்யலாம். இதை அன்றைக்கே கவனியுங்கள்.

பாத்திரங்கள் சண்டையிட்ட பிறகு ஆட்டக்காரர் உண்மையிலேயே பேசாமல் இருக்கிறாரா? பாத்திரத்தின் காதல் தனிச்செய்தியில் உங்களிடம் நீள்கிறதா? புகைப்படம், ஊர், பள்ளி, கைபேசி எண் கேட்கிறார்களா? உடனே பாத்திரத்தை விட்டு வெளியே வந்து, உங்கள் சொந்தக் குரலில் பேசுங்கள். அப்படிப் பேசுவதைக் காட்ட, குழு முழுவதும் ஒப்புக்கொண்ட ஓர் அடையாளம் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். இரட்டை அடைப்புக்குறிக்குள் எழுதுவது பலரும் பின்பற்றும் வழக்கம். "இந்தக் காட்சி எனக்கு வேண்டாம்" என்று அந்த அடையாளத்தோடு ஒருவர் எழுதினால், காரணம் கேட்காமல் காட்சியை நிறுத்துவது மற்றவர்களின் கடமை.

பதினெட்டு வயது நிரம்பாதவர் இருக்கும் களத்தில் காதல் காட்சியும் பாலியல் காட்சியும் கூடவே கூடாது. வயது தெரியவில்லை என்றாலும் கூடாது. யாராவது வற்புறுத்தினால் உரையாடலைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, அந்தக் கணக்கைத் தடுத்துவிட்டு, தளத்திடம் புகார் செய்யுங்கள். வயதில் சிறியவர் என்றால் வீட்டுப் பெரியவரிடம் உடனே சொல்லுங்கள். உங்கள் மீது எந்தத் தவறும் இல்லை.

கணக்கு அமைப்பிலும் தெளிவு வேண்டும். முகநூலில் தனிநபர் கணக்கு உண்மையான ஆளுக்கு உரியது. கற்பனைப் பாத்திரத்துக்குப் பக்கம் தொடங்குவதே முறை. பகடிக் கணக்கும் ரசிகர் கணக்கும் தம்மை அப்படியே அடையாளம் காட்ட வேண்டும் என்று எக்ஸ் தளம் கேட்கிறது. இன்று வாழும் ஒருவரின் பெயரையும் படத்தையும் வைத்துப் பாத்திரம் ஆடவே ஆடாதீர்கள். கணினிவழி ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கு இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் மூன்று ஆண்டுவரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு. ஏமாற்றும் நோக்கம் உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம். ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர் படும் வேதனைக்கு உங்கள் நோக்கம் மருந்தாகாது.

ஒருவர் சொல்லாமல் நின்றுவிட்டார், கதை அந்தரத்தில் தொங்குகிறது

தேர்வு, வேலை, உடல்நலம் என்று யாருக்கும் எதுவும் வரலாம். தளிச்சேரிக் கல்வெட்டு இதற்கும் வழி வைத்திருக்கிறது. பங்கு பெற்றவர் இறந்தாலோ வெளியூர் போனாலோ அவருடைய நெருங்கிய உறவினர் அந்த இடத்தில் பணிசெய்து பங்கைப் பெறலாம். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதி உள்ளவரைத் தேர்ந்து அமர்த்தலாம்.

களத்தில் அதையே விதியாக வையுங்கள். பத்து நாள் பதில் இல்லை என்றால், அந்தப் பாத்திரம் வெளியூர் போயிருப்பதாக மற்றவர்கள் எழுதலாம். கொல்லக்கூடாது, மணம் முடித்துவைக்கக்கூடாது. ஒரு மாதம் ஆகிவிட்டால் தம்பி, மகள், மாணவர் என்று புதிய பாத்திரம் அந்தக் கடமையை ஏற்கலாம். பழைய ஆட்டக்காரர் திரும்பி வந்தால் அவர் பாத்திரம் அவருடையதே.

விலகுவது நீங்கள் என்றால், போகும் முன் மூன்று செய்திகளைக் குழுவில் எழுதிவைத்துவிட்டுப் போங்கள்: உங்கள் பாத்திரம் யாருக்கு என்ன தர வேண்டியிருக்கிறது, எந்த ரகசியம் இன்னும் வெளிவரவில்லை, பாத்திரத்தை வேறொருவர் எடுத்து ஆடச் சம்மதமா இல்லையா.